பிளஸ் டூவுக்குப் பிறகு: தமிழ்நாட்டில் முதன்முறையாகக் கல்லூரிச் சேர்க்கைக்குச் செல்வோருக்கான வழிகாட்டி

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளிவரும் நாளில் எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளியின் உதவி மேசைக்கு வரும் பெற்றோரில் பெரும்பாலோர் கேட்பது ஒரே கேள்விதான்: "இந்த மார்க்குக்கு எதுல சேர்க்கலாம் சார்?" அது நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. எந்தெந்த விண்ணப்பங்கள் இப்போது திறந்திருக்கின்றன, எது எந்த நாளில் முடிகிறது என்பதே அது. தமிழ்நாட்டில் எல்லாப் படிப்புகளுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம் என்பது கிடையாது. பொறியியலுக்கு ஒரு துறை, மருத்துவத்துக்கு ஒரு தேர்வுக் குழு, அரசு கலைக் கல்லூரிகளுக்கு ஓர் இணையதளம், கால்நடை மருத்துவத்துக்கும் வேளாண்மைக்கும் சட்டத்துக்கும் அவற்றின் பல்கலைக்கழகங்கள் என ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஏறத்தாழ ஒரே காலத்தில் நடக்கின்றன. மதிப்பெண் குறைந்ததால் இடம் கிடைக்காமல் போனவர்களைவிட, தேதியைத் தவறவிட்டும் விருப்பப் பட்டியலை அவசரத்தில் நிரப்பியும் இடத்தை இழந்தவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்தக் கட்டுரை, என்ன படிக்கலாம் என்பதைக் காட்டிலும் எப்படிச் சேர்வது என்பதையே விரிவாகச் சொல்கிறது.

முதல் படி: முடிவு வருவதற்கு முன்பே சான்றிதழ்கள்

தேர்வு முடிந்த மறுவாரமே தொடங்க வேண்டிய வேலை இது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றை இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்துப் பெறலாம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று விண்ணப்பம் மேலே செல்வதற்குச் சில நாட்கள் ஆகும்; மே மாதத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பதால் அது இன்னும் தாமதமாகும். எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்குப் பொறியியல் சேர்க்கையில் பிறப்பிடச் சான்றிதழ் தேவைப்படாது. இடையில் ஓரிரு ஆண்டுகள் வெளி மாநிலத்தில் படித்தவர்கள் அதையும் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் பட்டதாரிச் சலுகை என்பது குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்கப் போகிறவருக்கு, அரசுக் கலந்தாய்வின் (தரவரிசைப்படி இடம் ஒதுக்கும் முறை) மூலம் தொழிற்படிப்பில் சேரும்போது கிடைக்கும் கட்டணச் சலுகை. இதற்குச் சான்றிதழ் மட்டும் போதாது. மாணவரும் பெற்றோரும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழிப் படிவமும் வேண்டும். பலர் இந்தப் படிவத்தை மறந்துவிட்டு, சரிபார்ப்பு நாளில் அலைகிறார்கள்.

பெயரும் தலைப்பெழுத்தும் எல்லா ஆவணங்களிலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். எங்கள் மாணவி ஒருத்தியின் மதிப்பெண் பட்டியலில் தலைப்பெழுத்து "எம்" என்றும், சாதிச் சான்றிதழில் தந்தையின் வீட்டுப் பெயரைச் சேர்த்து "எஸ்.எம்" என்றும் இருந்தது. அவள் பதிவேற்றிய சான்றிதழ் முதலில் ஏற்கப்படவில்லை. தந்தை கூலி வேலையை விட்டுவிட்டு மூன்று நாள் தாலுகா அலுவலகத்துக்கு நடந்த பிறகுதான் சரியானது. ஏப்ரலில் கவனித்திருந்தால் அந்த அலைச்சலே இருந்திருக்காது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இன்னொன்று. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. 2020இல் மருத்துவப் படிப்புகளுக்கும், 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் இது சட்டமானது. மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலம், கள்ளர் சீரமைப்பு, வனத்துறைப் பள்ளிகளும் இதில் அடங்கும். அரசு உதவி பெறும் பள்ளிகள் அடங்கா. இந்த ஒதுக்கீட்டில் இடம் பெறுபவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இந்த ஏழு ஆண்டுகளில் இரண்டு மூன்று பள்ளிகள் மாறியிருந்தாலும், ஒவ்வொரு பள்ளியிலும் படித்த காலத்துக்கான சான்று வேண்டும். பழைய பள்ளி தொலைவில் இருந்தால் கோடை விடுமுறை தொடங்குமுன்பே தலைமையாசிரியரைப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாம் படி: உங்கள் கட் ஆப்பை நீங்களே கணக்கிடுங்கள்

பொறியியல் படிப்புக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகத் தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு ஒழிக்கப்பட்டது. அதனால் பிளஸ் டூ மதிப்பெண்ணே தரவரிசையைத் தீர்மானிக்கிறது. கணிதத்தின் 100 மதிப்பெண் அப்படியே எடுத்துக்கொள்ளப்படும்; இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கப்பட்டு ஒவ்வொன்றும் 50க்குக் கணக்கிடப்படும்; ஆக மொத்தம் 200. இந்த 200க்கு நீங்கள் பெறும் மதிப்பெண்ணே கட் ஆப். கணிதத்தில் 92, இயற்பியலில் 81, வேதியியலில் 78 எடுத்தவருக்கு 92உடன் 40.5ஐயும் 39ஐயும் கூட்டினால் 171.5 வரும். தமிழ், ஆங்கில மதிப்பெண்கள் இதில் நேரடியாகச் சேர்வதில்லை. ஒரே கட் ஆப்பில் பலர் இருந்தால் முதலில் கணித மதிப்பெண், பிறகு இயற்பியல் என்று வரிசையாகப் பார்த்து, எல்லாவற்றிலும் சமமாக இருக்கும்போது மட்டுமே, விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் கணினி தரும் ரேண்டம் எண் பயன்படும். அந்த எண் வெளிவந்த நாளில் அது பெரியதா சிறியதா என்று கவலைப்பட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் கணக்கு வேறு. மொழிப் பாடங்களைத் தவிர்த்த நான்கு பாடங்களின் மொத்தம், அதாவது 400க்கு எவ்வளவு என்பதே பொதுவாகத் தரவரிசைக்கு அடிப்படை. பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மதிப்பெண்ணும், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணும் பார்க்கப்படும். அறிவியல் பாடங்களில் சற்றுத் தடுமாறிய மாணவர் தமிழில் 95 எடுத்திருந்தால், நல்ல கல்லூரியில் தமிழ் இலக்கியம் படிக்க அந்த மதிப்பெண் அவருக்குப் பெரிய பலம். இதைப் பலர் யோசிப்பதேயில்லை.

தரவரிசையோடு சேர்த்து இனவாரி ஒதுக்கீட்டையும் புரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, அருந்ததியருக்கான 3 உட்படப் பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1 என்று மொத்தம் 69 சதவீதம். மீதமுள்ள 31 சதவீதம் பொதுப் போட்டிக்கு உரியது. அதில் எல்லா வகுப்பினரும் மதிப்பெண் அடிப்படையில் இடம் பெறலாம். முந்தைய ஆண்டுகளின் கட் ஆப்பை, அதாவது கடைசியாக இடம் கிடைத்தவரின் மதிப்பெண்ணைப் பார்க்கும்போது உங்கள் வகுப்புக்கு உரிய பத்தியைப் பார்க்க வேண்டும். பொதுப் பத்தியை மட்டும் பார்த்துவிட்டு மனம் தளர்ந்து, விண்ணப்பிக்காமலே விட்டவர்கள் உண்டு.

மூன்றாம் படி: எந்தக் கதவுகளைத் தட்டுவது

பொறியியல் சேர்க்கையைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் ஒற்றைச் சாளர முறையில் இணையவழியாக நடத்துகிறது. கிண்டிப் பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. போன்ற அண்ணா பல்கலைக்கழக வளாகக் கல்லூரிகள், கோவை ஜி.சி.டி. (அரசு தொழில்நுட்பக் கல்லூரி), சேலம், திருநெல்வேலி, பர்கூர் முதலிய அரசுக் கல்லூரிகள், அரசு உதவி பெறும் கல்லூரிகள், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் எல்லாமே இந்த ஒரே விண்ணப்பத்தில் அடங்கும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இதில் இல்லை. அவை தனியாகச் சேர்க்கை நடத்துகின்றன, அவற்றின் கட்டணமும் வேறு. பி.ஆர்க். படிக்க விரும்புபவர் நாட்டா போன்ற தகுதித் தேர்வை எழுதியிருக்க வேண்டும்.

எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம், சித்தா, ஆயுர்வேதம், ஓமியோபதி ஆகியவற்றுக்கு நீட் தேர்வு கட்டாயம். நீட் எழுதியதே போதும் என்று சிலர் இருந்துவிடுகிறார்கள், அது தவறு. அரசு மருத்துவக் கல்லூரிகளில் 15 சதவீத இடங்கள் அகில இந்திய ஒதுக்கீட்டில் மத்திய அளவில் நிரப்பப்படுகின்றன. எஞ்சிய 85 சதவீதத்துக்கு மாநிலத் தேர்வுக் குழுவிடம் தனியே விண்ணப்பிக்க வேண்டும். இரண்டுக்கும் இரண்டு பதிவுகள்.

உயிரியல் படித்து, நீட்டில் குறைந்த மதிப்பெண் பெற்ற மாணவர்களிடம் நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்: நீட் இல்லாமல் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே சேரக்கூடிய படிப்புகள் நிறைய உள்ளன. பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம். போன்ற துணை மருத்துவப் படிப்புகளுக்குத் தனி விண்ணப்பமும் தனித் தரவரிசைப் பட்டியலும் உண்டு. கால்நடை மருத்துவம் இன்னொன்று. 1903இல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியோடு நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு முதலிய ஊர்களின் கல்லூரிகளிலும் மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணாலேயே நிரப்பப்படுகின்றன. கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை, தோட்டக்கலை, மேட்டுப்பாளையத்தில் வனவியல் ஆகியவையும், நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தில் மீன்வளப் படிப்பும் இருக்கின்றன. மருத்துவக் கலந்தாய்வு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருந்தால் இந்த விண்ணப்பங்கள் எல்லாம் முடிந்துபோயிருக்கும்.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் விண்ணப்பித்து, பல கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்கலாம். அண்மை ஆண்டுகளில் விண்ணப்பத்துக்கும் பதிவுக்கும் சேர்த்து ஐம்பது ரூபாய்தான். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இரண்டு ரூபாய். சென்னை மாநிலக் கல்லூரி, ராணி மேரிக் கல்லூரி, கும்பகோணம் அரசு ஆடவர் கல்லூரி போன்ற பழம்பெரும் கல்லூரிகள் இதில்தான் வருகின்றன. இளநிலைக்குக் கற்பிப்புக் கட்டணம் வசூலிக்கப்படாததால் மிகக் குறைந்த செலவில் பட்டம் பெற இதைவிட வேறு வழி இல்லை. பொறியியலில் உறுதியாக இடம் கிடைக்கும் என்று நம்புபவர்கூட இந்த விண்ணப்பத்தைப் போட்டுவைப்பது நல்லது. அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்கு மட்டும் ஒவ்வொரு கல்லூரியிலும் தனியே விண்ணப்பிக்க வேண்டும். அங்கே ஒரே வளாகத்தில் உதவி பெறும் பிரிவு, சுயநிதிப் பிரிவு என்று இரண்டும் இயங்கும். கட்டணத்தில் பெரும் வேறுபாடு இருக்கும். விண்ணப்பத்தில் எந்தப் பிரிவைக் குறித்திருக்கிறீர்கள் என்பதை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

சட்டம் படிக்க எந்தப் பாடப்பிரிவு மாணவரும் விண்ணப்பிக்கலாம். டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்கு பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். திருச்சியிலுள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் கிளாட் தேர்வு எழுத வேண்டும். திருச்சி என்.ஐ.டி.யில் (தேசியத் தொழில்நுட்பக் கழகம்) பாதி இடங்கள் மாநில மாணவர்களுக்கு உரியவை, அதற்கு ஜே.இ.இ. மெயின் தேர்வு வேண்டும். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு கியூட் என்ற நுழைவுத் தேர்வு. இந்தத் தேர்வுகளுக்கான பதிவு பிளஸ் டூ தேர்வுக்கு முன்பே தொடங்கிவிடுவதால், இப்போது பிளஸ் ஒன் படிப்பவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வணிகவியல் மாணவர்கள் பி.காம். சேர்ந்துகொண்டே சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) அடிப்படைத் தேர்வுக்கும் பதிவு செய்யலாம். பிளஸ் டூவில் தொழிற்கல்வி படித்தவர்களும் ஐ.டி.ஐ. முடித்தவர்களும் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்; டிப்ளமோ முடித்தபின் பி.இ. இரண்டாம் ஆண்டிலும் நேரடிச் சேர்க்கை உண்டு. இந்த வழியில் வந்து, கைவேலையும் கணக்கும் ஒருங்கே தெரிந்த பொறியாளர்களாக ஆன எங்கள் பழைய மாணவர்கள் இருக்கிறார்கள். பாலிடெக்னிக்கை இரண்டாம் தரமாகப் பேசுவதை வீட்டில் நிறுத்த வேண்டும்.

நான்காம் படி: விருப்பப் பட்டியல்

பொறியியல் கலந்தாய்வில் மிக முக்கியமான வேலை இதுவே. உங்கள் தரவரிசைக்கு உரிய சுற்று வரும்போது, பொதுவாக மூன்று நாட்களுக்குள் கல்லூரியையும் பாடப்பிரிவையும் வரிசைப்படுத்திப் பதிவு செய்ய வேண்டும். எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, உங்கள் தரவரிசைக்குக் காலியாக இருக்கும் முதல் இடத்தை ஒதுக்கும். ஆகவே கிடைக்குமா கிடைக்காதா என்று எண்ணி வரிசையை மாற்றாமல், உண்மையில் எது வேண்டுமோ அதையே மேலே வையுங்கள். கிடைக்காத ஒன்றை முதலில் வைத்ததால் கீழே உள்ள இடம் பறிபோகாது.

சில ஆண்டுகளுக்கு முன் கட் ஆப் 180க்கு மேல் எடுத்த ஒரு மாணவன் எட்டே எட்டு விருப்பங்களைக் கொடுத்தான். எட்டும் சென்னையைச் சுற்றிய பெயர்பெற்ற கல்லூரிகள், எல்லாமே கணினி அறிவியல். அந்தச் சுற்றில் அவனுக்கு எதுவும் ஒதுக்கப்படவில்லை. அவனைவிடப் பத்து மதிப்பெண் குறைவாக எடுத்து, எழுபது விருப்பங்கள் கொடுத்த அவனுடைய வகுப்புத் தோழிக்கு அரசுப் பொறியியல் கல்லூரியில் மின்னியல் கிடைத்தது. அவன் அடுத்த சுற்றில் மிச்சமிருந்த இடங்களிலிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று.

பட்டியலை முதலில் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரே மாதிரிப் பெயர் கொண்ட கல்லூரிகள் பல இருப்பதால், பெயரோடு கல்லூரிக் குறியீட்டு எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். பாடப்பிரிவின் பெயருக்குப் பக்கத்தில் எஸ்.எஸ். என்றிருந்தால் அது சுயநிதிப் பிரிவு. அரசு உதவி பெறும் கல்லூரியின் பெயரைப் பார்த்துக் குறைந்த கட்டணம் என்று நினைத்துத் தேர்ந்தெடுத்தவர்கள் பிறகு திகைப்பதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். பேருந்தில் ஒரு நாள் அந்தக் கல்லூரிக்குப் போய் வாருங்கள். ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். இறுதியாண்டு மாணவர் இருவரிடம் பேசுங்கள். வண்ணத் துண்டறிக்கையில் இல்லாத செய்திகள் அங்கே கிடைக்கும்.

ஐந்தாம் படி: தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு

ஒதுக்கீடு வந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. இரண்டு நாட்களுக்குள் உங்கள் முடிவை இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் ஒதுக்கீடு ரத்தாகும். உங்களுக்குக் கிடைத்தது பட்டியலின் ஐந்தாம் விருப்பம் என்று வைத்துக்கொள்வோம். அதுவே போதும் என்றால் ஏற்றுச் சேர்கிறேன் என்ற வாய்ப்பைத் தேர்ந்தெடுக்கலாம். ஐந்தாவதைக் கையில் வைத்துக்கொண்டு, முதல் நான்கில் யாராவது விலகினால் மேலே செல்ல விரும்பினால், ஏற்றுக்கொண்டு மேல்நோக்கிக் காத்திருக்கும் வாய்ப்பு உண்டு; அதற்கு உரிய நாளுக்குள் கட்டணம் செலுத்த வேண்டும், மேலே கிடைக்காவிட்டால் ஐந்தாவது உங்களுடையதாகவே இருக்கும். மூன்றாவது வாய்ப்பு ஆபத்தானது. ஐந்தாவதை விட்டுவிட்டு மேலே உள்ளவற்றுக்கு மட்டும் காத்திருப்பது அது. மேலே கிடைக்காவிட்டால் இரண்டும் இல்லை. இந்த வேறுபாட்டைப் பெற்றோரும் மாணவரும் சேர்ந்து உட்கார்ந்து, நிதானமாகப் படித்துவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள். கடவுச்சொல்லையும் கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீட்டையும் எந்த முகவரிடமும், எந்தக் கல்லூரி ஊழியரிடமும் கொடுக்காதீர்கள். இணைய வசதி இல்லாதவர்களுக்காகவே மாவட்டந்தோறும் சேவை மையங்கள் அமைக்கப்படுகின்றன. பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணிலும் வழிகாட்டுதல் கேட்கலாம்.

ஆறாம் படி: பணம்

நன்கொடை கேட்பது தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டுள்ளது. எந்தத் தொகையைக் கட்டினாலும் ரசீது வாங்குங்கள். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்போருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. சேர்க்கை நாளிலேயே அதைக் கல்லூரியில் தெரிவித்துவிடுங்கள். வங்கிக் கல்விக் கடனில் நான்கு லட்சம் ரூபாய் வரை சொந்தப் பங்கும் பிணையும் தேவையில்லை. ஏழரை லட்சம் வரை சொத்துப் பிணை தேவையில்லை. ஆயினும் கடன் என்பது திருப்பிக் கட்ட வேண்டிய பணம் என்பதால், குறைந்த கட்டணத்தில் அரசுக் கல்லூரி கிடைக்கும்போது நான் அதையே பரிந்துரைப்பேன்.

வெளியூரில் தங்கிப் படிக்க வேண்டியவர்கள், 2025இல் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றப்பட்ட அரசு மாணவர் விடுதிகளுக்குக் கல்லூரியில் சேர்ந்த உடனே விண்ணப்பிக்க வேண்டும்.

ஏழாம் படி: சேர்ந்த முதல் வாரம்

மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றில் குறைந்தது ஐந்து நகல்கள் எடுத்து வீட்டில் வைத்துவிட்டு, அதன் பிறகே மூலச் சான்றிதழ்களோடு கல்லூரிக்குச் செல்லுங்கள். மதிப்பெண் பட்டியலை அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரிலும் பதிவிறக்கிக்கொள்ளலாம். வேறு இடம் கிடைத்து விலக நேர்ந்தால், மூலச் சான்றிதழ்களைத் திருப்பித் தர மறுப்பதற்குக் கல்லூரிக்கு உரிமை இல்லை என்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கும். அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இவை பொருந்தும். விண்ணப்பத்தைக் கல்லூரியே இணையத்தில் பதிவுசெய்கிறது. அதற்கென ஒரு பொறுப்பாசிரியர் இருப்பார். முதல் வாரத்திலேயே அவரைப் பார்த்து, பள்ளியில் உங்களுக்குத் தரப்பட்ட எமிஸ் அடையாள எண்ணையும், உங்கள் சொந்தப் பெயரில் ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்கு விவரத்தையும் கொடுங்கள். அம்மாவின் கணக்கையோ அண்ணனின் கணக்கையோ கொடுக்க வேண்டாம். கணக்கு இல்லையென்றால் பிளஸ் டூ முடிவுக்குக் காத்திருக்கும் நாட்களிலேயே அருகிலுள்ள வங்கியில் தொடங்கிவிடலாம்.